கப்பல் தொட்டியில் எண்ணெய் எவ்வளவு? திரவச் சரக்கின் மட்டத்தை அளக்கும் முறைகள்

நெல்லை மரக்காலால் அளக்கிறோம், வெல்லத்தை நிறுக்கிறோம், துணியை மீட்டர் கணக்கில் கிழிக்கிறோம். ஐம்பதாயிரம் டன் எண்ணெய் ஏற்றி வரும் கப்பலை எந்தத் தராசில் ஏற்றுவது? அதற்கு ஒரே வழிதான் உண்டு. தொட்டிக்குள் திரவம் எவ்வளவு உயரத்திற்கு நிற்கிறது என்று பார்த்து, அந்த உயரத்தைக் கன அளவாகவும், கன அளவை எடையாகவும் மாற்றிக்கொள்ள வேண்டும். மிக எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் வணிகர், சுங்கத் துறை, துறைமுகம், கடற்கரை மக்கள் ஆகிய அனைவரின் நலனும் அடங்கியிருக்கிறது.

தென்திருவிதாங்கூரின் எல்லைப்புற வாசகர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரையிலேயே விழிஞம் அமைந்துள்ளது. அங்கு கட்டப்பட்ட பன்னாட்டுத் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் கொள்கலக் கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அது கொள்கலத் துறைமுகமே எனினும், அங்கு வரும் ஒவ்வொரு கப்பலின் அடிவயிற்றிலும் எரிஎண்ணெய்த் தொட்டிகள் உண்டு. கரைக்கு அப்பால், அதிகத் தொலைவில் இல்லாத பன்னாட்டுக் கப்பல் வழியில் எண்ணெய்க் கப்பல்கள் இரவும் பகலும் கடந்து செல்கின்றன. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குள் நுழையும் நெடுஞ்சாலையில் டாங்கர் லாரிகளைக் காணலாம். பெட்ரோல் பங்கில் லாரி வந்து நின்றதும் ஊழியர் மேலே ஏறி, மூடியைத் திறந்து, 'டிப் ராடு' எனப்படும் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்ப்பது பலரும் கண்ட காட்சி. கப்பலில் நடப்பதும் அடிப்படையில் அதுவே. ஆனால் லாரி சமதரையில் நிற்கிறது. கப்பல் நீரில் மிதக்கிறது. சிக்கல்கள் யாவும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இரு உயரங்கள்

தொட்டியின் மட்டத்தை இரண்டு விதமாகக் குறிக்கலாம். அடித்தட்டிலிருந்து திரவத்தின் மேற்பரப்பு வரையுள்ள உயரம் ஒன்று. இதைக் கப்பல் தொழிலில் 'சவுண்டிங்' என்பர். தொட்டியின் மேல்வாயில் குறிக்கப்பட்ட புள்ளியிலிருந்து திரவத்தின் மேற்பரப்பு வரையுள்ள வெற்றிடத்தின் உயரம் மற்றொன்று; இதன் பெயர் 'அல்லேஜ்'. தமிழில் முன்னதைத் திரவ ஆழம் என்றும் பின்னதை வெற்றுயரம் என்றும் வழங்குவோம்.

தண்ணீர்த் தொட்டிகளுக்கும் எரிஎண்ணெய்த் தொட்டிகளுக்கும் பெரும்பாலும் திரவ ஆழம் பார்க்கப்படுகிறது. சரக்கு எண்ணெய்க்கு வெற்றுயரமே ஏற்றது. இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. நிறைந்த தொட்டியில் வெற்றுயரம் ஓரிரு மீட்டர்தான். நாடாவின் சிறு பகுதியை இறக்கினால் போதும். கெட்டியான எண்ணெய் நாடா முழுவதும் அப்பிக்கொள்வதில்லை. தவிரவும், தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தால் நாடாவின் முனையிலுள்ள தூக்குக்குண்டு அடித்தட்டைத் தொடாமல் சேற்றின் மேல் நின்றுவிடும். அப்போது திரவ ஆழம் பொய்க்கும். வெற்றுயரத்துக்கு அந்த இடர் இல்லை.

எந்த உயரமாயினும் அது வெறும் மீட்டர் கணக்குத்தான். அதைக் கன அளவாக மாற்றித் தருவது ஒவ்வொரு கப்பலுக்கும் தனியே தயாரிக்கப்படும் அளவைப் பட்டியல். தொட்டிக்குள் இருக்கும் குழாய்கள், விட்டங்கள், வளைவுகள் யாவற்றையும் கழித்து, இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை கனமீட்டர் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். நெய்யாறு அணையில் நீர்மட்டம் படிக்கும் ஊழியரும் இதையே செய்கிறார். அளவுகோலில் மீட்டரைப் படித்துக் கொள்ளளவுப் பட்டியலில் நீரின் அளவைத் தேடுகிறார். ஆனால் அணை சாய்வதில்லை.

ஒரு சென்டிமீட்டரின் விலை

ஒரு தொட்டி 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது என்று கொள்வோம். அதன் பரப்பு 300 சதுர மீட்டர். மட்டத்தைப் படிப்பதில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் 3 கனமீட்டர், அதாவது 3,000 லிட்டர் எண்ணெய் கணக்கில் கூடும் அல்லது குறையும். பன்னிரண்டு தொட்டிகளிலும் அதே தவறு நேர்ந்தால் 36 கனமீட்டர். 12 கிலோலிட்டர் கொள்ளும் டாங்கர் லாரி மூன்றை இது நிரப்பும். ஒரு சென்டிமீட்டர் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலமே என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இனிக் கப்பலின் சாய்வைக் கவனிப்போம். சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் பின்புறம் சற்றுத் தாழ்ந்தே மிதக்கின்றன. 200 மீட்டர் நீளமுள்ள கப்பலின் பின்பகுதி, முன்பகுதியைவிட 2 மீட்டர் அதிகமாக நீரில் அமிழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு ஏற்படுகிறது. திரவம் எப்போதும் தன் மேற்பரப்பைச் சமமாகவே வைத்துக்கொள்ளும், சாய்வது தொட்டிதான். அளவு பார்க்கும் வாய் தொட்டியின் நடுவில் இருந்தால் கவலை இல்லை. அது நடுவிலிருந்து 8 மீட்டர் பின்னால் இருக்குமாயின், மட்டம் உண்மையைவிட 8 சென்டிமீட்டர் உயர்ந்து காட்டும். மேற்சொன்ன தொட்டியில் இது 24 கனமீட்டர். இல்லாத எண்ணெய் இரண்டு லாரி அளவு கணக்கில் ஏறிவிடும். கப்பல் இடமாகவோ வலமாகவோ சாய்ந்தாலும் இவ்வாறே. இவற்றுக்கான திருத்தங்கள் அளவைப் பட்டியலுடன் இணைக்கப்பட்டிருக்கும். எனவே நாடாவை இறக்குமுன் கப்பலின் முன், நடு, பின் பகுதிகளில் நீரில் அமிழ்ந்த ஆழத்தைப் படித்துக் குறித்துக்கொள்வது முதல் கடமை. அனுபவம் இல்லாதவர்கள் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

சரக்கு இறங்கி முடியும் தறுவாயில் வேறொரு நிலை தோன்றும். எஞ்சிய எண்ணெய் தொட்டியின் அடித்தட்டை முழுதும் மூடாமல், பின்சுவரை ஒட்டி ஆப்பு வடிவில் தேங்கி நிற்கும். சாதாரணப் பட்டியல் அப்போது பயன்படாது. ஆப்பின் நீளத்தையும் உயரத்தையும் கொண்டு தனிக் கணக்கிட வேண்டும். 'தொட்டி காலி' என்று சான்றளிக்கும் அதிகாரி கவனிக்க வேண்டிய இடம் இது.

துறைமுகத்தில் கட்டியிருந்தாலும் சிற்றலைகளால் மட்டம் ஏறி இறங்குவதுண்டு. ஆகவே ஒரே அளவை நம்பலாகாது. குறைந்தது மூன்று முறை அளந்து, அவை ஒன்றுக்கொன்று ஒட்டிவந்தால் ஏற்கலாம். கப்பல் ஆடிக்கொண்டிருந்தால் ஐந்து முறையேனும் எடுத்துச் சராசரி காண்பது வழக்கம்.

வெப்பமும் நீரும்

கன அளவு கிடைத்துவிட்டால் கணக்கு முடிந்ததா? இல்லை. எண்ணெய் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். டீசல் போன்ற எண்ணெய் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு விரிகிறது. பத்தாயிரம் கனமீட்டர் டீசல் பத்துப் பாகை கூடுதலாகச் சூடேறினால் 80 கனமீட்டர் அதிகமாகத் தோன்றும். எண்ணெய் ஒரு துளியும் கூடவில்லை. இதனால்தான் தொட்டியின் மேல், நடு, அடி மூன்றிலும் வெப்பநிலை பார்த்து, கன அளவை ஒரு பொது வெப்பநிலைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் அது 15 பாகை செல்சியஸ். பெட்ரோல் பங்குகளில் லாரி வந்ததும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்த்து, 15 பாகைக்கு மாற்றி எழுதுவதும் இதே கணக்கின் சிறு வடிவமே. பொது வெப்பநிலைக் கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை கிடைக்கும்.

தொட்டியின் அடியில் நீர் தங்கியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. எண்ணெய் இலேசானது, நீர் அடியில் படியும். மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்த உயரமே தெரியும். பழைய முறையில், நீர் பட்டால் நிறம் மாறும் ஒரு பசையை நாடாவின் முனையில் தடவி அடிவரை இறக்குவர். நிறம் மாறிய உயரம் நீரின் உயரம். அந்த அளவைக் கழிக்காவிட்டால் நாடு கடல் நீருக்கு எண்ணெய் விலை கொடுக்க நேரிடும்.

மூடிய வாயும் மின்பொறியும்

மூடியைத் திறந்து நாடாவை இறக்குவது எளிய முறைதான். எனினும் அதில் உயிர் ஆபத்து உண்டு. திறந்த வாயிலிருந்து வெளிவரும் ஆவியில் பென்சீன், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சுப் பொருள்கள் கலந்திருக்கலாம். தவிர, எண்ணெய் குழாய் வழியே வேகமாகப் பாயும்போது அதில் நிலைமின்னேற்றம் சேர்கிறது. ஏற்றி முடித்த உடனே உலோக நாடாவை இறக்கினால், எண்ணெயின் மேற்பரப்புக்கும் நாடாவின் குண்டுக்கும் இடையே ஒரு பொறி பாயக்கூடும். மேலே ஆவியும் காற்றும் தக்க விகிதத்தில் கலந்திருந்தால் அந்த ஒரு பொறி போதும். மந்த வாயு நிரப்பப்படாத தொட்டியில், ஏற்றிய பின் அரை மணி நேரம் பொறுத்தே உலோகக் கருவியை உள்ளே விட வேண்டும் என்ற விதி இவ்வாறு பிறந்தது. செயற்கை நூற்கயிறும் உதவாது. அதுவும் மின்னேற்றம் கொள்ளும்.

பெரிய எண்ணெய்க் கப்பல்களில் தொட்டியின் வெற்றிடத்தை ஆக்சிஜன் குறைந்த மந்த வாயுவால் நிரப்பிவைப்பது பன்னாட்டு ஒப்பந்தப்படி கட்டாயம். முதலில் 20,000 டன்னுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் இருந்த இவ்விதி, 2016 முதல் கட்டப்பட்ட கப்பல்களில் 8,000 டன் வரை இறங்கியுள்ளது. மூடியைத் திறந்தால் மந்த வாயு வெளியேறிக் காற்று புகும், பாதுகாப்பே கெடும். எனவே தொட்டியைத் திறவாமலே அளக்கும் முறைகள் தேவைப்பட்டன.

இவற்றில் மிகுதியும் கைகொடுப்பது, ஆவி வெளியேறாத அடைப்புக்குழாயின் மேல் பொருத்தி இறக்கப்படும் மின்னணு நாடா. அதன் முனையிலுள்ள உணரி எண்ணெயைத் தொட்டதும் கருவி தொடர்ந்து ஒலிக்கும். நீரைத் தொட்டதும் விட்டு விட்டு ஒலிக்கும். வெப்பநிலையையும் அதுவே காட்டும். மூன்று வேலைகளை ஒரே இறக்கத்தில் முடிக்கும் இக்கருவி நீர் காட்டும் பசைக்குப் பல கப்பல்களில் விடை கொடுத்துவிட்டது.

நிலையாகப் பொருத்தப்படும் கருவிகளும் உள்ளன. மிதவை முறையில், மேற்பரப்பில் மிதக்கும் உருண்டையுடன் இணைந்த நாடா சுருளுவதை மேலேயுள்ள முகப்பு காட்டுகிறது. மிதவை சிக்கிக்கொண்டால் பொய்யான அளவில் உறைந்து நிற்கும் என்பது இதன் குறை. அழுத்த முறையில், தொட்டியின் அடிக்குச் செல்லும் மெல்லிய குழாயில் காற்றைச் செலுத்தி, குமிழி வெளிவரத் தேவைப்படும் அழுத்தத்தைக் கொண்டு ஆழம் அறிகிறார்கள். அடர்த்தி தெரியாவிட்டால் இது பயனற்றது.

1970களில் ஸ்வீடனில் உருப்பெற்ற ராடார் மட்டமானி இன்றைய எண்ணெய்க் கப்பல்களில் பரவலாக இடம்பெற்றுள்ளது. தொட்டியின் கூரையிலிருந்து நுண்ணலையைக் கீழே அனுப்பி, மேற்பரப்பில் பட்டு எதிரொலித்து வருவதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டுக்கு அலை போய்வரும் நேரம் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கிலும் பதினைந்தில் ஒரு பங்கே மாறும். அவ்வளவு நுண்ணிய நேரத்தைக் கடிகாரம் வைத்து நேரே அளப்பதைவிட, அனுப்பும் அலையின் அதிர்வெண்ணைச் சீராக மாற்றிக்கொண்டே போய், திரும்பி வந்த அலையோடு ஒப்பிடுவதே வழக்கமான உத்தி. திரவத்தில் எந்தப் பாகமும் தோய்வதில்லை என்பது இதன் சிறப்பு. இவற்றோடு, தொட்டி 95 விழுக்காடு நிறைந்ததும் ஓர் எச்சரிக்கை மணியும், 98 விழுக்காட்டில் தனியான மற்றொரு மணியும் ஒலிக்கும்படி அமைப்பது வழக்கம். இரண்டாவது மணி ராடாரை நம்பாமல் தன் சொந்த உணரியால் இயங்க வேண்டும். ஒரே கருவி இரண்டு காவலும் பார்த்தால், அது பழுதாகும் நாளில் காவலே இராது.

யாருடைய அளவு செல்லும்?

கப்பலில் ஏற்றிய இடத்தில் ஓர் அளவு. இறக்குமுன் மற்றோர் அளவு. கரைத் தொட்டியில் சேர்ந்தபின் மூன்றாவது அளவு. இம்மூன்றும் ஒருபோதும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. ஆவியாதல், தொட்டிச் சுவரில் ஒட்டுதல், அளவுப் பிழை எனக் காரணங்கள் பல. அரை விழுக்காடு வரை வேறுபாட்டை வணிகர் பொறுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஆனால் ஒரு லட்சம் டன்னில் அரை விழுக்காடு 500 டன். இறக்குமதி வரி எந்த அளவின்மேல் விதிக்கப்பட வேண்டும் என்ற கேள்வி நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மங்களூர் சுத்திகரிப்பு ஆலை தொடர்பான வழக்கில் 2015இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், சரக்குச் சீட்டில் எழுதிய அளவின்மேல் அன்றி, கரைத் தொட்டியில் உண்மையில் வந்து சேர்ந்த கச்சா எண்ணெயின்மேல் வரி கணக்கிடப்பட வேண்டும் என்று கூறியது. ஆகவே கரைத் தொட்டியின் அளவைப் பட்டியலும் அங்கு நாடா பிடிப்பவரின் கையும் அரசு வருவாயோடு நேரடித் தொடர்புடையவை ஆயின. கப்பல் அதிகாரியும் சுயேச்சையான அளவையாளரும் கூட்டாகக் கையொப்பமிடும் வெற்றுயர அறிக்கை வெறும் சடங்கு என்று எண்ணும் இளம் அலுவலர்கள் இத்தீர்ப்பை ஒருமுறை படிப்பது நல்லது.

கவிழ்ந்த கப்பலில் கணக்கு

இதுவரை பணம் பற்றிய கணக்கு. கடற்கரை மக்களுக்கு இதே அளவு வேறு பொருள் தருகிறது.

2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் சொற்பமே என்று முதலில் கூறப்பட்டது. பின்னர் எர்ணாவூர்க் கரையில் தொண்டர்களும் மீனவர்களும் வாளி வாளியாக அள்ளிய எண்ணெய்ச் சேறு நூறு டன்னைத் தாண்டியது. சேற்றில் நீரும் மணலும் கலந்திருக்கும் என்பது உண்மையே. ஆயினும் முதற்கூற்றுக்கும் கண்ட காட்சிக்கும் இருந்த இடைவெளி மிகப் பெரிது. நீர்மட்டத்துக்குக் கீழே துளை விழுந்த தொட்டியில் எண்ணெய் வெளியேற, அதன் இடத்தை அடியிலிருந்து கடல் நீர் நிரப்பக்கூடும்; அப்போது மேல்மட்டம் பெரிதாக மாறாமலே நிற்கும். இத்தகைய விபத்துகளில் மட்டத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். எண்ணெயும் நீரும் சந்திக்கும் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் இழப்பு தெரியும்.

விழிஞத்திலிருந்து 2025 மே 23ஆம் நாள் கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கொள்கலக் கப்பல், மறுநாள் கொச்சிக்குத் தென்மேற்கே 26 பாகை சாய்ந்து, 25ஆம் நாள் மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். கப்பலின் சமநிலைக்காகத் தொட்டிகளில் ஏற்றும் நிலைநீரின் அமைப்பில் நேர்ந்த கோளாறே காரணம் என்று அதிகாரிகள் முதற்கட்டமாகக் கருதினர். நிலைநீர்த் தொட்டிகளிலும் மட்டம் பார்ப்பது இன்றியமையாதது. பாதி நிறைந்த தொட்டியில் நீர் கப்பல் சாயும் பக்கமே ஓடிச் சாய்வை மிகுவிக்கும். முழுதும் நிறைந்த தொட்டியும் முழுதும் காலியான தொட்டியும் இந்தத் தொல்லை தருவதில்லை.

அக்கப்பலின் தொட்டிகளில் 367.1 டன் உலை எண்ணெயும் 84.44 டன் டீசலும் இருந்தன என்று அறிவிக்கப்பட்டது. இந்த எண்கள் கப்பல் நிமிர்ந்து நின்ற காலத்துக் கணக்கிலிருந்தே வந்திருக்க முடியும். 26 பாகை சாய்ந்த நிலையில் 15 மீட்டர் அகலத் தொட்டியின் ஓர் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் திரவ உயரத்தில் 7 மீட்டருக்கு மேல் வேறுபாடு ஏற்படும். அளவைப் பட்டியலிலுள்ள சாய்வுத் திருத்தங்களோ சில பாகைகளுக்கு மட்டுமே தரப்பட்டிருக்கும். அத்தருணத்தில் எந்த நாடாவும் ராடாரும் பயன்படாது.

அவ்வெண்களைக் கொண்டே கடலோரக் காவற்படை எத்தனை கப்பல்களை அனுப்புவது, மீட்புக் குழு எத்தகைய இறைப்பான்களைக் கொண்டுவருவது, மீன்பிடித் துறை எவ்வளவு தொலைவுக்கு வலை வீச வேண்டாம் என்று சொல்வது ஆகியவற்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கொள்கலங்களிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளிலும், மாநில எல்லையைக் கடந்து குமரி மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. பூவாறு, பொழியூர், நீரோடி ஆகிய ஊர்களின் மீனவர்கள் அடுத்து எண்ணெய் வருமா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்களில், அவர்களுக்கான விடை அந்த இரண்டு எண்களிலேயே அடங்கியிருந்தது.

மூழ்கிய கப்பலில் எண்ணெய் தொட்டியின் மேற்பகுதியில் சென்று தங்கும். கீழே கடல் நீர் நிற்கும். கடலடியில் கிடக்கும் கப்பல் சாய்ந்திருந்தால் 'மேற்பகுதி' என்பது பழைய பக்கச்சுவராகவும் இருக்கலாம். மூழ்குநர்கள் காற்றுக்குழாய்களையும், நாடா இறக்கும் அளவுக் குழாய்களின் மூடிகளையும் முதலில் அடைக்க வேண்டியிருக்கிறது. அளவு பார்ப்பதற்காக வைத்த வழியே எண்ணெய் வெளியேறும் வழியும் ஆகிவிடுகிறது. பிறகு தொட்டிச் சுவரில் துளையிட்டு, அடைப்பிதழ் பொருத்தி, குளிரில் இறுகிய உலை எண்ணெயைச் சூடாக்கி மேலே இறைக்கிறார்கள். இறைத்தது எவ்வளவு என்பதும் மீண்டும் ஒரு தொட்டியில் மட்டம் பார்த்தே அறியப்படுகிறது.

எஞ்சியது எவ்வளவு என்பதற்குக் கரையிலுள்ள ஏடுகள் உதவுகின்றன. எரிஎண்ணெய் வழங்கியவர் தரும் வழங்கற் சீட்டைக் கப்பல் மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. வழங்கியவரிடமும் அதன் படி இருக்கும். கப்பல் தலைவர் ஒவ்வொரு நாள் நண்பகலிலும் உரிமையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் அன்றைய எண்ணெய் இருப்பு குறிக்கப்பட்டிருக்கும். வழங்கப்பட்டதிலிருந்து எரித்ததைக் கழித்து, நண்பகல் இருப்புடன் ஒப்பிட்டு, அதிலிருந்து மீட்கப்பட்டதைக் கழித்தால் கடலில் கலந்ததன் அளவு கிடைக்கும். நட்டஈட்டு வழக்கில் இரு தரப்பும் வாதிடுவது இந்தக் கழித்தல் கணக்கின்மேல்தான்.